மயக்கமும் ஒடுக்கமும்

உயிர் அறிவுடைப் பொருளேயாயினும், அநாதியே ஆணவமலத்தான் மறைப்புண்டு கிடத்தலின், கருவிகளின் துணையின்றி ஒன்றனையும் தானே அறியமாட்டாது. கண்ணுக்கு ஒளி உண்டாயினும் நள்ளிருளில் விளக்கின்றிக் காணமாட்டாமை இதற்கு உவமையாம். இதுபற்றியன்றோ இறைவன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்து உயிர்கட்குக் கொடுத்தருளினான். சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர், உயிரை அரசனாகவும் அந்தக்கரணங்களை அமைச்சராகவும் வைத்து விளக்கினார். அமைச்சர் தெளிந்த நிலையினராயின் அரசனும் தன் நாட்டு நிகழ்ச்சிகளை உள்ளவாறு அறிவான். அவர் மயங்கிக் கிடப்பாராயின், அவன் அறிவுடையனாயினும் அவ்வறிவாற் பயனில்லை. இங்ஙனமாகலின், அரசன் தன் அமைச்சர்க்குத் தானே மயக்கப்பொருளை ஊட்டுவானாயின் அச்செயல் யாதாய் முடியும்? கள், சாராயம், அபின், கஞ்சா எனத் தொன்றுதொட்டு வருவனவும், ஆய்வுக்கூடங்களிற் புதிதாகப் பிறந்தனவுமாகிய மனத்தை மாற்றும் பொருள்களைப்பற்றிச் சித்தாந்த நூலுணர்ச்சியுடையார் முதற்கண் ஆராயவேண்டுவது இவ்வினாவேயாம்.

இதனை யாம் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரிற் கள்ளச்சாராயம் அருந்தினோர் பலர் உடல்நலங் கெட்டு மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். நாட்கள் சில செல்வதற்குள் அவருள் 14 பேர் இறந்தனர். அதே நாட்களிற் செங்கற்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் அத்தகைய சாராயத்தால் உயிர்கள் போயின. ஈரிடத்தும் இறந்தோர் இருபதின்மர்க்கு மேலாவர். அவர்கள் அருந்தியதில், தொழிற்சாலைகளிற் பயன்படும் மெதனால் என்னும் நச்சுப்பொருள் இருந்தமை ஆய்விற் புலப்பட்டது. ஓராண்டு கழிந்து, 2024 ஜூன் மாதத்திற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதின்மர்க்கு மேற்பட்டோர் அவ்வாறே மாண்டனர்.

எம்மூராகிய பொம்மையார்பாளையம் எக்கியார்குப்பம் இருக்கும் அதே கடற்கரையிற் புதுவையின் வடபால் உள்ளது. மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் பழம்பதி இது. துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் சிவஞான பாலைய சுவாமிகளை அடுத்து வாழ்ந்த இடமும் இதுவே. 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், எம்மூரிற் சிலர் கூடி நடத்திய படிப்பில், யாம் சிவப்பிரகாசர் இயற்றிய பிரபுலிங்கலீலைக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தோம். மமகாரனுக்கும் மோகினிக்கும் மகளாய்ப் பிறந்த மாயை, மத்தளம் முழக்கி வந்த அல்லமரை மயக்க முயன்று தோற்ற வரலாறு அன்றைப் பகுதி. படிப்பு முடிந்தபின், வடக்கேயுள்ள குப்பம் ஒன்றிலிருந்து உறவினர் வீட்டிற்கு வந்திருந்த முதிய அம்மையார் ஒருவர் எம்மை அணுகி, ‘ஐயா, மாயை மயக்கும் என்றீர்கள். என் பிள்ளையை மயக்கிக் கொண்டுபோனதும் அந்த மாயைதானா? இல்லை, அவன் செய்த வினையா?’ என்று கேட்டார். யாம், ‘எல்லாம் அவரவர் வினைப்பயன், அம்மா’ என்றோம். அவர் மறுமொழி ஒன்றும் கூறாது கைகூப்பிச் சென்றுவிட்டார். நூலில் உள்ளதையே கூறினோம் என்று அப்பொழுது எண்ணினோம். ஆயின் அன்றிரவு உறக்கம் வரவில்லை. கூறிய விடையில் ஏதோ பிழையுண்டென்று மட்டும் தோன்றிற்று; அஃது எங்கே யுள்ளதென்று தெரியவில்லை. அதனைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

மயக்கம் என்பது யாதென்று முன்னர்க் காண்போம். சாராயம் இரைப்பையினின்றும் குடரினின்றும் குருதியிற் கலந்து மூளையைச் சேருங்கால், முதலில் நாணும் அச்சமும் ஆகிய காவல் தளர்கின்றது. பின்னர்ச் சொல் குழறுகின்றது. பின்னர்க் கைகால் தம் தொழிலை மறக்கின்றன. அளவு மிக்கவழி உறக்கமும், உறக்கத்தினும் ஆழ்ந்த உணர்விழப்பும், மூச்சொடுக்கமும் உண்டாகின்றன. இவ்வொழுங்கு சித்தாந்திகட்குப் புதியதன்று. சாக்கிரத்தில் முப்பத்தைந்து கருவிகளோடு புருவநடுவில் நின்ற உயிர், சொப்பனத்தில் இருபத்தைந்தோடு கண்டத்தினும், சுழுத்தியில் மூன்றோடு இதயத்தினும், துரியத்தில் இரண்டோடு உந்தியினும், துரியாதீதத்தில் ஒன்றோடு மூலாதாரத்தினும் நிற்கும் என்று கீழாலவத்தையை நூல்கள் வகுத்தோதின. விழித்திருக்கும்பொழுதே இந்நிலைகள் ஒருவாறு நிகழ்தலும் உண்டென்பது மத்தியாலவத்தையிற் கூறப்பட்டது. வெறியுற்றவன் நிலை விழிப்பிடையே விளைந்த ஓரிறக்கமேயாம். கருவிகள் ஒவ்வொன்றாய்க் கழலுமிடத்து, அரசன் அமைச்சரை இழந்து தனித்திருளில் அமர்வான்.

உலகாயதர் இதனையே தமக்கு வலிய சான்றாக எடுத்துக்கொள்வர். ‘ஒரு கிண்ணம் சாராயம் அன்புடையானைச் சினமுடையானாக்கும், ஓர் ஊசிமருந்து அறிஞனை உணர்வற்றவனாக்கும். பொருளால் அறிவு மாறுமாயின் அறிவும் அப்பொருளின் விளைவே. உயிரென வேறொன்று வேண்டா’ என்பது அவர் கூற்று. அது பொருந்தாது. என்னை? யாழின் நரம்பு தளர்ந்துழி இசை திரியும். அதுகொண்டு யாழ் வல்லோன் இல்லையென்று துணிவார் ஒருவருமிலர். மேலும், வெறி தெளிந்த மறுநாட் காலையில் ஒருவன், ‘நேற்று யான் என் வயத்தினனாக இல்லை, யான் சொன்ன சொல் எனக்கே நாணம் தருகின்றது’ என்கின்றான். நேற்றை நிலையையும் இன்றை நிலையையும் ஒருங்குவைத்து நோக்கி, இது தகும் இது தகாது என்று துணிகின்றவன் யாவன்? மற்றொருவன், ‘நேற்று நிகழ்ந்தது ஒன்றும் அறியேன்’ என்கின்றான். அறியாமையை அறிந்து கூறுகின்றவன் யாவன்? கருவிகள் கெட்டவழிக் கெடாதும், அவை மீண்டவழித் தன் இழப்பை உணர்ந்தும் நிற்கும் அவனே உயிர் எனப்படுவான். குடியனது நாணம் உலகாயதர்க்குத் தக்க மறுப்பாகும்.

இனி, உலகாயதர்க்கு நேர்மாறான கொள்கையுடையார் உளர். இவர்கள், மயக்கப்பொருள்கள் மெய்யுணர்விற்கு வாயில் என்பர். மேனாட்டில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் உளநூற் புலவர், 1902இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய நூலில், நைட்ரசு ஆக்சைடு என்னும் மயக்க வாயுவினால் உண்டாகும் உணர்வுநிலையை உயர்வாகக் கூறினார். 1943ஆம் ஆண்டிற் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்து வேதியியலறிஞர் ஆல்பர்ட் ஹாப்மன், தாம் 1938இல் ஆக்கிய எல்.எஸ்.டி. என்னும் பொருள் மனத்தைப் பெரிதும் திரிப்பதைத் தம்மிடத்தே கண்டறிந்தார். 1954இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி என்னும் ஆங்கில எழுத்தாளர், மெஸ்கலின் என்னும் பொருளை உட்கொண்டு தாம் கண்ட காட்சிகளை நூலாக்கி, அவற்றை ஞானியரின் அனுபவத்தோடு ஒப்பிட்டார். சேனர் என்னும் சமய ஆராய்ச்சியாளர் 1957இல் அதனை மறுத்தெழுதினார். நம் நாட்டிலும், வேதத்துச் சோமபானத்தைக் காட்டியும், வடநாட்டிற் சிவராத்திரி நாளிற் பாங்கு அருந்தும் வழக்கத்தைக் காட்டியும், ‘நஞ்சுண்ட பெருமானுக்கு அடியாராயினார் கஞ்சா உண்ணல் குற்றமோ?’ என்று வினவுவாரும் உளர்.

ஈற்றில் நின்றோர்க்கு விடை எளிது. இறைவன் நஞ்சுண்டது பிறரைக் காத்தற்பொருட்டு. இவர் உண்பது தம்மை மறத்தற்பொருட்டு. ஏனை வாதத்தை அங்ஙனம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. அவர்கள் பொய் கூறினாரல்லர். ‘யான்’ என்னும் முனைப்பு அடங்கியதுபோன்ற ஒரு நிலையை மெய்யாகவே உணர்ந்தனர். வினாவெல்லாம், அந்நிலை யாது என்பதேயாம்.

இதற்குச் சித்தாந்தம் கூறும் விடை, கேவலம், சகலம், சுத்தம் என்னும் மூவகை நிலையின் பாகுபாட்டில் உள்ளது. கேவலத்தில் உயிர் கருவிகளின்றி ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும். சகலத்திற் கருவிகளோடு கூடி உலகினை அறிந்து வினைசெய்து வினை நுகரும். சுத்தத்தில் கருவிகளின் நீங்கித் திருவருளோடு கூடி நிற்கும். முதலும் ஈறும் புறத்தே நோக்குவார்க்கு ஒன்றுபோல் தோன்றும். இரண்டிடத்தும் கருவிகள் தொழிற்படா. இரண்டிடத்தும் உலகம் மறையும். ஆயின் ஒன்று பேரிருள்; மற்றொன்று பேரொளி. முன்னதனை மயக்கம் என்றும் பின்னதனை ஒடுக்கம் என்றும் ஈண்டு வேறுபெயரிட்டு வழங்குவோம். நள்ளிரவிற் கண்காணாமையும், நண்பகலில் ஞாயிற்றை நேர்நோக்கியவழிக் கண்காணாமையும் காணாமையளவில் ஒக்குமெனினும் தம்முள் ஒவ்வா. மயக்கப்பொருளாற் கருவிகளைக் கழற்றினோன் கேவலத்தை நோக்கி இறங்கி, ஆண்டுள்ள அமைதியைச் சுத்தநிலை என்று பிறழவுணர்கின்றான். மாயையின் காரியமாகிய ஒரு பொருள் மாயையின் காரியமாகிய கருவிகளைத் தாக்கலாம், தளர்த்தலாம். உயிரை மறைத்துநின்ற ஆணவத்தை அது தீண்டவும் மாட்டாது.

அற்றேல், உள்ளிருந்து நுகர்வான் இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியுமாறு யாங்ஙனமெனின், மீண்டுவந்தபின் எஞ்சியது யாதென நோக்குக. சத்திநிபாதம் பெறும் உயிரின்கண் இருவினையொப்பும் மலபரிபாகமும் காணப்படும். இருவினையொப்பாவது, இன்பத்தை விரும்பாமலும் துன்பத்தை வெறுக்காமலும் இரண்டையும் ஒப்ப நோக்கும் நடுநிலை. மயக்கப்பொருளைப் பயில்வானிடத்து நிகழ்வது இதற்கு மறுதலை. நேற்று ஓரளவால் வந்த களிப்பு இன்று ஈரளவாலன்றி வாராது. அது கிடையாதவழித் துன்பம் முன்னையினும் மிகும். விருப்பும் வெறுப்பும் நாடோறும் கூர்மையுறும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்றாகலின், எதனை இடையறாது சார்கின்றதோ அதன் வண்ணமே தன் வண்ணமாகக் கொள்ளும். திருமூலநாயனார் திருமந்திரத்து முதல் தந்திரத்திலே கள்ளுண்ணாமையைத் தனிப்பகுதியாக்கி ஓதியதும், சிவானந்தமே உண்டு தெளிதற்குரிய தேறல் என்று காட்டியதும் இவ்வேறுபாடு பற்றியே.

இங்ஙனம் கூறவே, மனத்தை மாற்றும் பொருள்கள் அனைத்தும் விலக்கத்தக்கன என்று முடியுங்கொல் எனின், முடியாது. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில் ஈதர் என்னும் மயக்கமருந்தைக் கொடுத்துப் பலர் காண அறுவை செய்து காட்டினர். அதற்கு முன், நோயாளர் பலரைக் கட்டியும் பிடித்தும் அறுத்தனர். பலர் வலியாலேயே இறந்தனர். அபினினின்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தெடுக்கப்பட்ட மார்பீன், இன்றும் புற்றுநோயின் கொடுவலிக்கு முதன்மையான மருந்தாகும். நம் உடலே வலி தணிக்கும் பொருள்களை அபினை ஒத்த தன்மையுடையனவாய்த் தன்னுள் ஆக்கிக்கொள்கின்றது என்பது 1975இல் அறியப்பட்டது. தனுவைப் படைத்தான் அதன்கண் மருந்தையும் உடன்வைத்தான் என்றே யாம் இதனைக் கொள்கின்றோம். இந்திய அரசு 1985இல் இயற்றிய போதைப்பொருட் சட்டத்தின் கட்டுப்பாடுகளால் மார்பீன் பெறுதல் அரிதாகி, நோயாளர் பலர் வலியோடு இறக்கும் நிலை உண்டாயிற்று. 2014இல் அச்சட்டம் திருத்தப்பெற்று மருத்துவப் பயனுக்கு வழி எளிதாக்கப்பட்டது. தீயதை விலக்கும் ஆர்வத்தில் நல்லதையும் விலக்கியோர் வலியுற்றோர்க்குச் செய்த கேடு பெரிது.

ஈண்டுச் சிலர், ‘திருநாவுக்கரசு நாயனாரைச் சூலைநோயன்றோ இறைவன்பால் மீட்டது? வலியைத் தணித்தல் அருளைத் தடுத்தலாகாதோ?’ என்பர். திருவதிகையில் நிகழ்ந்தது யாது? தம்பி வலியால் துடித்து வந்தபோது, திலகவதியார், ‘இன்னும் சிறிது பொறு, இது நினக்கு நன்மை’ என்று கூறி வாளாவிருந்தாரல்லர், திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார். சூலையைத் தருதலும் தவிர்த்தலும் இறைவன் செயல். அருகிருப்பார் செயல் துணைநின்று துயர்தீர்த்தலேயாம்.

ஆகவே யாம் கொள்ளும் அளவுகோல் இதுவாகும்: கருவிகளைச் செப்பஞ்செய்து உயிர்க்கு மீட்டுக்கொடுக்கும் மயக்கம் மருந்து, உயிரைக் கருவிகளினின்று பிரித்துத் திருப்பித்தாராத மயக்கம் நஞ்சு. மேனாட்டில் இக்காலத்து மருத்துவர், சைலோசைபின் முதலியவற்றைத் தீராத மனச்சோர்வு நோய்க்கு அளந்து கொடுத்து ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியாற் சோர்ந்தார் மனந்தெளிந்து எழுவராயின், அதுவும் மருந்தென்றே கொள்க, ஞானமென்று கொள்ளற்க. 1893இல் அமைக்கப்பெற்று 1894இல் அறிக்கை தந்த இந்தியக் கஞ்சா ஆராய்ச்சிக் குழுவினர், மிதமாகக் கொள்வார்க்குப் பெருங்கேடு காணப்படவில்லை யென்றும், மிகையாகக் கொள்வார்க்கே கேடுண்டென்றும் முடிவுகூறினர். அவர் நோக்கியது உடலும் ஒழுக்கமும் ஆட்சியும். உயிரின் நிலை அவர் ஆராயப் புகுந்ததன்று. ஒரு பொருள் உடலைக் கெடுத்திலது என்பதுகொண்டு உயிர்க்கு உறுதி பயக்கும் என்றல் அமையாது.

இவ்வளவுகோலுக்கு எக்கியார்குப்பத்து நிகழ்ச்சியே ஒரு சான்று தருகின்றது. மெதனால் உடலிற் புகுந்தவழிக் கல்லீரல் அதனைப் பார்மால்டிகைடாகவும், பின்னர்ப் பார்மிக் அமிலமாகவும் மாற்றும். அவ்வமிலமே கண்ணின் நரம்பைக் கெடுத்துக் குருடாக்கிக் குருதியைப் புளிப்பாக்கி உயிரைக் கொல்வது. இதற்கு மருத்துவர் கொடுக்கும் மாற்றுமருந்துகளுள் ஒன்று, சாராயத்தின் உயிர்ப்பொருளாகிய எத்தனாலேயாம். கல்லீரல் எத்தனாலை முதலில் ஏற்று அதன்மேல் தொழிற்படும்போது, மெதனால் நஞ்சாகாது மெல்ல வெளியேறிவிடும். கடையிற் குடியைக் கெடுத்த அதே பொருள் மருத்துவமனையில் அளந்து கொடுக்க உயிரைக் காக்கின்றது. பொருள் ஒன்றே, கொடுப்பானது கருத்தும் அளவும் பயனுமே அதனை மருந்தென்றும் நஞ்சென்றும் வேறாக்குகின்றன. மாயை தன்னளவில் தீதன்று என்னும் சித்தாந்தத் துணிவிற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு யாம் அறியோம். அவ்வம்மையாரின் முதல் வினாவிற்கு ஈண்டு விடை கிடைத்தது: அவர் பிள்ளையைக் கொண்டுபோனது மாயையன்று.

அவர்தம் இரண்டாம் வினா வினையைப் பற்றியது. அதற்கு விடைகாணுமுன், மயக்கப்பொருள் ஒருவனது தனிச்செயலளவில் முடிவதோ, நாட்டின் செயலும் ஆவதோ என்பதை நோக்குதல் வேண்டும். மரக்காணத்தைப் பழைய எயிற்பட்டினம் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், அப்பட்டினத்திற்குச் செல்லும் பாணர்க்கு நுளையர் மகளிர் அரித்த பழந்தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும் என்கின்றார். ஔவையார் அதியமான் இறந்தபின் அவன் தமக்குக் கள்ளளித்த அன்பை நினைந்து வருந்திப் பாடியதும் புறநானூற்றில் உளது. அக்காலத்துக் கள் விருந்தின் ஒரு கூறாய், வீட்டார் ஆக்கி, வீட்டார் கையால் அளித்து, முகமறிந்தார் உண்பதாய் இருந்தது. அதனாற் குற்றமற்றதாயிற்று என்று யாம் கூறவில்லை. ஆயின் அதனை வார்த்தவள் குடிப்பானை அறிவாள். அதில் நஞ்சு கலக்க அவட்குக் கை வாராது. அதே கரையில் 2023இல் விற்கப்பட்டதோ, ஆக்கினான் யாரென்று குடித்தானும் அறியான். குடிப்பான் யாரென்று ஆக்கினானும் அறியான்.

வள்ளுவர் புலான்மறுத்தலை அறத்துப்பாலின் துறவறவியலில் வைத்தார். கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், வரைவின்மகளிர், சூது என்னும் அதிகாரங்கட்கு நடுவே வைத்தார். இவ்வைப்புமுறை கருதற்பாலது. கள்ளுண்டலைத் தனியொருவனது நோன்புக்குறையென்று மட்டும் கருதினாராயின், அதனைத் துறவறவியலில் வைத்திருப்பார். நாட்டையும் பொருளையும் சுற்றத்தையும் அழிப்பனவற்றோடு சேர்த்து வைத்தமையால், அஃது அரசும் சமுதாயமும் பொறுப்பேற்கவேண்டிய கேடு என்பது அவர் கருத்தென்று யாம் கொள்கின்றோம்.

இந்நாட்டின் அண்மைக்கால வரலாறும் அதனைக் காட்டும். 1937 அக்டோபர் முதல்நாளிற் சேலம் மாவட்டத்தில் இராசகோபாலாச்சாரியார் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இற் சென்னை மாகாணம் முழுதும் அது பரவிற்று. அக்காலத்தும் எம்மூரினின்று தெற்கே சிறிது தொலைவு சென்றால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் மதுவிற்குத் தடையில்லை. 1971இல் விலக்குத் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது, 1983இல் அரசே வாணிகக் கழகம் அமைத்தது, 2003இற் சில்லறை விற்பனையையும் தானே மேற்கொண்டது. 1987 முதற் கள்ளும் சாராயமும் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. புட்டியில் அடைத்த மதுவகைகளுக்குத் தடையில்லை. 2023-24ஆம் ஆண்டில் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. மதுவிலக்கிற்கு முயலுதல் வேண்டுமென்று அரசியலமைப்பின் 47ஆம் பிரிவும் அரசினை நோக்கிக் கூறுகின்றது. முற்றும் விலக்குவதோ, அளவுபடுத்துவதோ, எது தக்கதென்பதை ஆட்சிமுறை வல்லார் கூறுக. விலக்கிருந்த காலத்தும் கள்ளச்சாராயம் இருந்ததென்பதை யாம் மறுக்கவில்லை. எம்போல்வார் கூறற்குரியது ஒன்றே: ஒரு நாட்டின் வருவாய் அந்நாட்டு மக்களின் மயக்கத்தைச் சார்ந்து நிற்குமாயின், அந்நாடும் சார்ந்ததன் வண்ணமாம்.

இனிக் குடித்தோரை நோக்குவோம். உப்பளத்தில் வேனில் முழுதும் வெறுங்காலொடு உவர்நீரில் நின்று உப்பு வாருவார்க்குக் கால்தோல் வெடித்துப் புண்ணாகும். வெள்ளுப்பின் மேற்பட்ட வெயிலாற் கண் கூசிக் கெடும். கடலோடிக்கு இரவெல்லாம் வலையிழுத்த தோள்வலி விடியலிலும் தீராது. இவர்கள் கண்ட மருந்து, வலியைச் சிறுபொழுது மறப்பிக்கும் மலிந்த சாராயம் ஒன்றே. அது நன்மருந்தன்று; கருவிகளை மீட்டுத் தாராது, மறுநாளைக்கு வலியையும் கடனையும் சேர்த்தே தரும். எனினும், பிணியுடையான் பிழைபட்ட மருந்தை நாடியதற்கு, நன்மருந்தை அவனுக்குக் காட்டாத நாமும் ஒருவகையிற் காரணராகின்றோம். இவர்கட்கு எத்துணை முறை பெரியபுராணப் பொருள் கூறியிருக்கின்றோம்! புண்பட்ட அக்காலை ஒருமுறையேனும் நோக்கினோமோ என்று எம்மையே வினவியபோது விடை கூற இயலவில்லை.

வினையென்று யாம் கூறிய விடையின் பிழை ஈண்டே விளங்குகின்றது. வினை சடப்பொருள், தானே சென்று ஒருவனைப் பற்றாது, இறைவனே அறிந்து கூட்டுவிக்கின்றான். ஒருவனுக்கு எவ்வினை எப்பொழுது எவ்வாறு கூட்டப்பட்டதென்பதை முற்றறிவுடையானாகிய அவனொருவனே அறிவான். நாம் அறியோம், அறியாததனை அறிந்தாற்போல் ஒரு தாயிடத்துக் கூறினோம். மேலும், நஞ்சை விற்றானது செயல் அவனுக்கு ஆகாமியமாகும். அதனை அறிந்தும் வாளாவிருந்தாரது வாளாமையும் அவர்க்கு ஆகாமியமாகும். இறந்தானது பழவினையை மட்டும் எண்ணி, இருப்பார் இன்று செய்யும் புதுவினையை எண்ணாதொழிதல் வினைக்கொள்கையிற் பாதியை மறைத்தலாம். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபொழுது, ஞானசம்பந்தரும் நாவரசரும் ‘இஃது ஊரார் வினை’ என்று இருந்துவிடவில்லை. இறைவன்பாற் படிக்காசு பெற்று ஊருக்குச் சோறிட்டனர்.

இதனினும் நேரான சான்று ஒன்று எமக்குப் பின்னரே நினைவிற்கு வந்தது. கொடிமாடச் செங்குன்றூரில் ஞானசம்பந்தரோடு வந்த அடியாரைக் குளிர்சுரம் பற்றியது. அது பனிக்காலத்து அந்நாட்டிற்கு இயல்பு என்று கூறப்பட்டது. அப்பொழுது அவர் அருளிச்செய்தது திருநீலகண்டத் திருப்பதிகம். இத்துன்பம் அவ்வினையால் வந்தது என்று காரணங் கூறுதலோடு நின்று, அதனின்றும் உய்யும் வழியைத் தேடாதிருப்பது கூறுவார்க்கே குறையன்றோ என்பது அப்பதிகத்தின் தொடக்கத்துக் கருத்து. இளமைதொட்டுப் பல்லாயிரம் முறை ஓதிய பதிகம். அதில் எம் விடையே கடிந்துரைக்கப்பட்டிருப்பதை அறுபது ஆண்டு கடந்தபின் ஒரு மீனவத் தாயின் முகத்தாலன்றோ உணர்ந்தோம். அப்பதிகத்தில் ஆணையாக வைக்கப்பட்டதும் நஞ்சை உண்ட கண்டமே என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குவாராக.

அவ்வம்மையாரை மீண்டும் காண்போமாயின், ‘அம்மா, உங்கள் பிள்ளை வினையை நான் அறியேன். வலிக்கு மருந்து தேடினான்; மருந்தென்று நஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் சொன்னது பிழை. பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று கூறுவோம். அதன்பின் அவ்வூரில் இன்னும் குடிக்கின்றவர் யாவரென வினவி, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதற்கு எம்மோடு வருவாரையும் தேடுவோம். சைவ சபைகளும் திருமுறைக் கழகங்களும் ஆண்டுதோறும் விழாக்களிற் கள்ளுண்ணாமை பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்துகின்றன, நல்லதே. அச்சொற்பொழிவைக் கேட்க வாராதவர் குடிசைக்கு அவற்றுள் ஒரு சபையேனும் நடந்து செல்லுமாயின், அடியார்க்குத் தொண்டு என்பதன் பொருளை அது செய்து காட்டியதாகும்.

திருச்சிற்றம்பலம்.